கீழ்மொணவூரா, மேல்மொணவூரா? வேலூர் வட்டாரக் கேபிள் சேனல்காரர்களுக்கும் எடிட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை ஊர்களில் உள்ளூர்ச் சேனல் நடத்தும் பெரியோர்களுக்கும், அவற்றுக்கு விளம்பரமும் அறிவிப்பும் செய்து கொடுக்கும் எடிட்டர் நண்பர்களுக்கும் வணக்கம்.

காட்பாடியில் எடிட்டிங் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். கல்யாண வீடியோ, கோயில் விழா, கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி என்று உங்கள் சேனல்களில் ஓடும் எல்லாவற்றிலும் என்னைப் போன்றவர்களின் கை இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாம் ஓடவிடும் தமிழ் எழுத்தை வீட்டில் உட்கார்ந்திருப்பவர் திணறாமல் படிக்க முடிய வேண்டும். இப்போது முடியவில்லை.

சென்னைச் சேனல்களில் 'வேலூர் மாவட்டத்தில் கனமழை' என்று ஒரு வரி வரும். அதோடு சரி. எந்த ஏரி நிரம்பியது, எந்தத் தரைப்பாலம் மூழ்கியது, எந்த ஊருக்குப் பஸ் போகாது என்பதெல்லாம் உங்கள் சேனலின் ஸ்க்ரோலிங்கில்தான் வருகிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பிறகு அதன் தேவை இன்னும் கூடிவிட்டது. மழைக் காலத்தில் விடிந்ததும் பெற்றோர் டிவியைப் போடுகிறார்கள். விடுமுறை எந்த மாவட்டத்துக்கு, பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்று தெரிந்தாக வேண்டும். மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வரும். குடியாத்தம் ஊருக்குள்ளேயே ஓடும் ஆறு அது. 2021 நவம்பரில் மணலை மட்டுமே பார்த்துப் பழகிய பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டதை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இரவில் திரையின் அடியில் ஓடும் ஊர்ப்பெயர் ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுக் கிளப்பும், அல்லது வீட்டிலேயே இருக்கச் சொல்லும்.

அண்மையில் ஒரு மழை இரவில் நம் பகுதிச் சேனல் ஒன்றில் ஓடிய அறிவிப்பைச் செட்டாப் பாக்ஸிலிருந்து பென் டிரைவில் பதிவு செய்து, பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்த்தேன். பச்சைப் பட்டையின் மேல் சிவப்பு எழுத்து. ஊர்ப்பெயர் '...வூர்' என்று முடிவது மட்டும் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த ணகரத்தின் மூன்று சுழிகளும் அடைந்து ஒரே கட்டியாக இருந்தன. முதல் இரண்டு எழுத்தும் பட்டையோடு கலந்து பழுப்புக் கறையாகிக் கிடந்தன. அவற்றின் தலைமேல் இருந்திருக்க வேண்டிய புள்ளியைப் பட்டையின் மேல் விளிம்பு வெட்டியிருந்தது. கீழ்மொணவூரா, மேல்மொணவூரா? அடுத்த சுற்றில் மறுபடி வந்தபோதும் அதே கறைதான். அந்த இரண்டு ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் டிவி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கருவி மட்டமானது, அதனால்தான் இப்படி என்று நம்மில் பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 720-க்கு 576 பிக்சல் கொண்ட சாதாரணத் திரையிலேயே தமிழைக் கத்தரித்தது போலக் காட்ட முடியும். எழுத்து கெடுவது வழியில். ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தின் பயணத்தைப் பாருங்கள். பிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் இடத்தில் அதைப் பெரிய தாளின் அளவுக்கு வடிவமைக்கிறார்கள். அதை ஜேபெக் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது. வாங்கியவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புகிறார். எடிட்டர் அதை எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை அடுக்கும் 1920-க்கு 1080 டைம்லைனில் போட்டு, இடம் பொருந்தும்வரை இழுக்கிறார். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரு சுருக்கம். கண்ட்ரோல் ரூமில் 720-க்கு 576 ஆக்கும்போது இன்னொரு சுருக்கம். ஒளிபரப்புக் கருவி மறுபடி சுருக்கி அனுப்ப, வீட்டு டிவி அதைத் தன் பெரிய திரைக்கு ஏற்ப மீண்டும் ஊதிப் பெரிதாக்குகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுத்தின் ஓரம் கொஞ்சம் கரைகிறது. கடைசியில் இறந்தவரின் பெயரையே அவருடைய சொந்தக்காரர்களால் படிக்க முடிவதில்லை. காசு கொடுத்த குடும்பத்துக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

ஆகவே எழுத்தைப் படமாக வாங்காதீர்கள். பெயரையும் தேதியையும் இடத்தையும் எழுத்தாகவே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். இறந்தவரின் முகம் மட்டும் படமாக வந்தால் போதும். அதையும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வந்து சேரும். பிறகு எந்த அளவில் ஒளிபரப்பாகிறதோ அந்த அளவிலேயே ஒரு டைம்லைன் திறந்து, எழுத்தை அங்கேயே, அதன் கடைசி அளவிலேயே போடுங்கள். போட்ட பிறகு இழுக்கவோ குறுக்கவோ கூடாது. அளவு போதவில்லை என்றால் எழுத்தின் பாயிண்டைக் கூட்டுங்கள். லோகோ, பட்டை போன்றவற்றைத் தனியே செய்து சேர்ப்பதானால் பின்னணி ஒளி ஊடுருவும் பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் எழுத்தைச் சுற்றி அழுக்குப் பிடித்துக்கொண்டே வரும். 720-க்கு 576 திரையின் பிக்சல் சரிசதுரமானது அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். டைம்லைன் அமைப்பில் திரையின் அகல-உயர விகிதம் 4:3, 16:9 இரண்டில் எது என்று சரியாகச் சொல்லாவிட்டால் எழுத்து சப்பையாகவோ ஒடுங்கியோ போய்விடும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதித் திரைகளில் நான் காணும் சேதத்தில் பெரும்பங்கு இதனால்தான். வீடியோவில் வெளிச்சத் தகவல் வேறு, நிறத் தகவல் வேறாகப் பயணம் செய்கின்றன. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியே போகிறது. நிறமோ, 4:2:0 என்ற முறையில் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் போகிறது. எழுத்தின் கூர்மை முழுக்க வெளிச்ச வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது. வெள்ளையின் வெளிச்சம் 100 என்றால் மஞ்சளுக்கு 89, பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. பச்சைமேல் சிவப்பு எழுதினால் வெளிச்ச வேறுபாடு 29தான். நீலத்தின் மேல் சிவப்பு என்றால் வெறும் 19. மீதி வேலையை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்ட நிறத் தகவல் செய்ய வேண்டும். அதனால் முடியாது, ஓரம் கசிந்துவிடும். அதே நீலத்தின் மேல் மஞ்சள் எழுதுங்கள். வேறுபாடு 78. கறுப்பு அல்லது அடர்நீலப் பட்டையில் வெள்ளையோ மஞ்சளோ எழுதினால் எவ்வளவு மோசமான சுருக்கத்திலும் எழுத்து நிற்கும். கட்சிக்காரர்கள் தங்கள் கொடி நிறத்தில் எழுத்து வேண்டும் என்று கேட்பார்கள், கடைக்காரர் தன் போர்டு நிறத்தைக் கேட்பார். நிறத்தைப் பட்டையின் ஓரத்தில் ஒரு கட்டமாகக் கொடுத்துவிட்டு எழுத்தை வெள்ளையாக வையுங்கள். ஒரு முறை இரண்டையும் டிவியில் போட்டுக் காட்டினால் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

பட்டைக்குப் பின்னால் படம் ஓடுவதும் வேண்டாம். சுருக்கும் கருவி திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் ஒரு கட்டம் 8-க்கு 8 பிக்சல். ஒரே கட்டத்துக்குள் எழுத்தின் ஓரமும் இருக்கிறது, பின்னால் ஆடும் மரமும் இருக்கிறது என்றால் இரண்டுமே கெடும். எழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக மொய்க்கும் அழுக்கு அப்படி வந்ததுதான். ஊடுருவாத ஒரே நிறப் பட்டை வைத்தால் அந்த அழுக்கு பாதிக்குமேல் போய்விடும்.

இப்போது எழுத்து. எடிட்டிங் மென்பொருள்களில் வரும் ஆயத்த டெம்ப்ளேட்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகள். தமிழ் வளைவும் சுழியும் புள்ளியுமாக இருக்கிறது. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான். அந்த ஒரு சுழி போனால் மணம் மனமாகிவிடும். தலைமேல் உள்ள சின்னச் சுழி அடைந்தால் வீடு விடு ஆகிவிடும். ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. அவற்றைப் பதிப்பித்த அறிஞர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்து ஊகித்துப் படிக்கப் பட்ட பாடு கொஞ்சமன்று. அச்சு வந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. அதை நாம் திரையில் மறுபடி கொண்டுவந்து வைக்கிறோம். அவர்களுக்காவது ஊகிக்க நேரம் இருந்தது. ஸ்க்ரோலிங் படிப்பவருக்குச் சில விநாடிதான்.

மிகத் தடித்த எழுத்து எடுப்பாகத் தெரியும் என்று எண்ணித்தான் பலரும் 'போல்டு' போடுகிறார்கள். தமிழில் தடிமன் கூடக்கூடச் சுழியின் உள்வெளி அடைகிறது. நடுத்தரத் தடிமன் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அளவைக் கூட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன, பல தடிமன்களில் கிடைக்கின்றன, எல்லாம் யூனிகோடு, அதாவது எந்தக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடுவதானால் அது எழுத்தின் வெளிப்பக்கமாக மட்டும் வளர வேண்டும். நடுவிலிருந்து வளரும்படி விட்டால் பாதிக் கோடு உள்ளே புகுந்து ணகரத்தைத் தின்றுவிடும். குளோ என்ற ஒளிவட்டம், பெவல் என்ற புடைப்பு, பளபளக்கும் தங்கமுலாம் எல்லாம் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு இருக்கட்டும். அறிவிப்பில் வேண்டாம்.

மிக மெல்லிய கோடும் ஆபத்துதான். ட, ப, ம, ய எழுத்துகளின் அடிக்கோட்டைப் பாருங்கள். இன்டர்லேஸ் முறையில் ஒரு பிரேம் இரண்டு பீல்டாகப் பிரிந்து, ஒற்றைப்படை வரிகள் ஒரு பீல்டிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்ததிலும் வருகின்றன. அடிக்கோட்டின் தடிமன் ஒரே ஒரு வரி என்றால் அது ஒரு பீல்டில் தெரிந்து அடுத்த பீல்டில் மறையும். விநாடிக்கு 25 முறை இப்படி மினுக்கும். வயதானவர்கள் கண் கூசுகிறது என்று சொல்வது இதைத்தான். கிடைக்கோடு குறைந்தது இரண்டு வரித் தடிமனாவது இருக்க வேண்டும். மூன்று இருந்தால் நிம்மதி.

தமிழுக்கு மேலும் கீழும் இடம் விட வேண்டும். கி, கீ, புள்ளி எல்லாம் மேலே ஏறும். கு, மு, ழு எல்லாம் கீழே இறங்கும். ஆங்கில டெம்ப்ளேட்டின் பட்டை உயரத்திலேயே தமிழை அடைத்தால் ஒன்று தலை போகும், அல்லது கால் போகும். பட்டையும் திரையின் விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது. பல டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம் விட்டு எழுத்தை வைப்பது ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் கடைப்பிடிக்கும் அளவு. பழைய டிவி அதிகம் உள்ள நம் ஊர்களுக்கு 10 சதவீதம் விடுவதே நல்லது.

கொம்பும் காலும் இடம் மாறி விழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிகோடில் ஒகர வரிசை எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்ட மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். அடோபி பிரீமியரின் எழுத்து அமைப்பில் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அதைத் தேடாமல் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களிலேயே நிற்பவர்கள் இன்னும் பலர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். 2010இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்று ஆணையிட்டாயிற்று. அறிவிப்பு அனுப்புவோரும் கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து அனுப்புவதோடு, அதே செய்தியை யூனிகோடில் தட்டச்சு செய்தும் அனுப்பினால் நமக்கு நேரமும் மிஞ்சும், பிழையும் குறையும். இதை நீங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். ஓர் எடிட்டர் தனியாகக் கேட்டால் எடுபடாது.

ஓட்ட வேகத்துக்கு வருகிறேன். நம் நாட்டு டிவி முறையில் விநாடிக்கு 25 பிரேம், 50 பீல்டு. எழுத்து ஒவ்வொரு பீல்டுக்கும் முழு பிக்சல் கணக்கில் நகர்ந்தால்தான் கூர்மையாக இருக்கும். பிரேமுக்கு 3 பிக்சல் என்று வைத்தால் பீல்டுக்கு ஒன்றரை. அந்த அரைப் பிக்சலைக் காட்ட வழியில்லாமல் மென்பொருள் எழுத்தை மங்கலாக்கிக் காட்டும். பிரேமுக்கு 4 என்று வையுங்கள். பீல்டுக்கு 2, விநாடிக்கு 100 பிக்சல். 720 பிக்சல் அகலத்தை ஓர் எழுத்து கடக்க 7.2 விநாடி ஆகும். வயதானவர்களும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் பின்தொடரக்கூடிய வேகம் இது. பிரேமுக்கு 8 பிக்சல் ஆக்கினால் மூன்றரை விநாடியில் ஓடிவிடும், யாருக்கும் பயனில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை பீல்டுகளில் எது முதலில் என்ற பீல்டு வரிசை மாறினால் எழுத்து முன்னும் பின்னும் துள்ளும். அதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கைபேசியில் 30 பிரேமில் எடுத்த வீடியோவை 25 பிரேம் டைம்லைனில் சேர்ப்பது தவிர்க்க முடியாததுதான். ஆனால் எழுத்தை அந்த 30 பிரேம் கோப்பிலேயே படத்தோடு பதித்துக் கொடுக்காதீர்கள். பிரேம் கலந்து எழுத்துக்கு நிழல் முளைக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கணக்கு மிஞ்சுகிறது. ணகரத்தின் கோட்டுக்கு இரண்டு பிக்சல், கோடுகளுக்கு நடுவில் இரண்டு பிக்சல் என்று வைத்தாலும் அந்த ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 30 பிக்சல் அகலம் வேண்டும். ஓரம் போக மிஞ்சும் திரையில் ஒரே நேரத்தில் இருபது, இருபத்தைந்து எழுத்துதான் நிற்கும். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற ஒரு சொல்லுக்கே 15 எழுத்து. திரையில் பாதிக்குமேல் அதுவே அடைத்துக்கொள்கிறது, ஊர்ப்பெயர் எப்போதோ வெளியே போய்விட்டது. சொற்றொடரை நாமே மாற்றலாம். 'மோர்தானா அணை திறப்பு. கவுண்டன்யா கரையோர மக்கள் மேட்டுக்குச் செல்லவும்.' செய்தி முழுவதும் வந்துவிட்டது. ஊர்ப்பெயர்கள் நான்கைந்து இருந்தால் ஓடவிடவே வேண்டாம். பட்டையில் ஒவ்வொரு பெயராக நிறுத்தி, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி காட்டுங்கள். சுருக்கும் கருவியும் நிற்கும் எழுத்தை அவ்வளவாகக் கெடுக்காது. என்னைக் கேட்டால் வெள்ள எச்சரிக்கை எதுவுமே ஓடக் கூடாது, நிற்க வேண்டும்.

விழாக்களில் வைக்கும் எல்இடி திரைகளுக்கும் இதே கணக்குதான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கூட்டத்துக்கு வழிகாட்ட இத்தகைய திரைகள் எவ்வளவோ உதவும். பி4 வகை என்றால் விளக்குக்கு விளக்கு 4 மில்லிமீட்டர். 4 மீட்டர் அகலத் திரையில் இருப்பது 1000 பிக்சல் மட்டுமே. 1920-க்குச் செய்த கோப்பை அப்படியே அனுப்பினால் எல்லாக் கோடும் பாதியாகக் குறையும். வாடகைக்காரரிடம் திரையின் பிக்சல் எண்ணிக்கையை முதலில் கேட்டுவிட்டு, அந்த அளவுக்கே வேலையைத் தொடங்குங்கள்.

எடிட்டர் நண்பர்களே, உங்கள் கணினி மானிட்டரில் அரை அடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு 'ஓகே' சொல்லாதீர்கள். செட்டாப் பாக்ஸ் வழியாக, ஒரு பழைய டிவியில், பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கீழ்மொணவூர், ஒடுகத்தூர், அணைக்கட்டு, விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா என்று நம் ஊர்ப்பெயர்களையே சோதனை வரியாக வையுங்கள். எங்கே அவர் தடுக்குகிறாரோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

சேனல் நடத்தும் ஐயாமார்களே, இதற்கெல்லாம் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. 720-க்கு 576 அளவில் அடர்நீலப் பட்டை, வெள்ளை எழுத்து, பிரேமுக்கு 4 பிக்சல் வேகம் என்று ஓடும் பட்டை ஒன்றும், ஊர்ப்பெயர்களை நிறுத்திக் காட்டும் பட்டை ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கிறேன். பென் டிரைவோடு வருபவர்களுக்குக் கூலி இல்லாமல் கொடுக்கிறேன். விரும்பினால் உங்கள் கண்ட்ரோல் ரூமுக்கே வந்து அமைத்தும் தருகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கூடும் உங்கள் சங்கக் கூட்டத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். எந்த ஊரில் கூட்டம் வைத்தாலும் டிவியையும் செட்டாப் பாக்ஸையும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு வீடியோ எடிட்டர்